பொடியும் நிய்யத்தும்

2010 ஒக்டோபரில் புதுடில்லியில் நடைபெற்ற பொதுநலவாய விளையாட்டு விழாவில், 56 கிலோகிராம் எடைப்பிரிவுக் குத்துச்சண்டையில் எமது நாட்டின் மஞ்சு வன்னியாரச்சி தங்கப் பதக்கம் வென்றார். 1938இல் சிட்னியில் பார்னி ஹென்ரிகஸ் வென்றதற்குப் பின்னர் குத்துச்சண்டையில் இந்நாட்டுக்குக் கிடைத்த தங்கம் அது. 72 வருட காத்திருப்பு. நாடே கொண்டாடியது. பின்னர் அவருடைய சிறுநீர் மாதிரியில் நன்ட்ரோலோன் என்னும் ஊக்கமருந்தின் தடயம் இருப்பதாக அறிவிப்பு வந்தது. 2011இல் பதக்கம் பறிக்கப்பட்டு, இறுதிப் போட்டியில் அவரிடம் தோற்றிருந்த வேல்ஸ் நாட்டு இளைஞர் ஷோன் மெக்கோல்ட்ரிக்குக்கு வழங்கப்பட்டது.

இச்சம்பவத்தை நான் இங்கு எடுத்துக்கொள்வது அந்த வீரரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காகவோ, அதிலிருந்து இறக்குவதற்காகவோ அல்ல. பதக்கத்தைப் பறிக்கும் விதி எப்படி இயங்குகிறது என்பதே என்னை நெடுநாளாக உறுத்தி வருகிறது. அந்த மருந்து எவ்வழியாக உட்சென்றது, யார் கொடுத்தார், தெரிந்து எடுத்தாரா, தெரியாமல் எடுத்தாரா என்ற கேள்விகள் எதுவும் பதக்கத்தின் விடயத்தில் எழுவதே இல்லை. உன் உடலுக்குள் இருந்தது, அதற்கு நீயே பொறுப்பு. அவ்வளவுதான் விதி. செயல்கள் யாவும் எண்ணங்களைப் பொறுத்தே அமைகின்றன என்பதை மதரஸாவின் முதல் வகுப்பிலேயே மனனம் செய்து வளர்ந்த எம்மவர்களுக்கு, நிய்யத்தைக் கேளாத ஒரு நீதி எப்படி நீதியாகத் தெரியும்? தெரியக்கூடாதா?

நான் வைத்தியனுமல்லன், மௌலவியுமல்லன். கரையோரக் கிராமப் பாடசாலையொன்றில் படிப்பிப்பவன். பாடவேளை மிஞ்சும்போது சுகாதாரமும் உடற்கல்வியும் என் தலையில் விழும். ஆயினும் இந்தக் கேள்வி மற்றவர்களிடம் போவதற்கு முன்பு எம்போன்ற ஆசிரியர்களிடந்தான் வருகிறது.

எமது பிரதேசத்தில் சண்டைக் கலை புதியதொன்றல்ல. சீனடியும் சிலம்படியும் ஆடிய அண்ணாவிமார் மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை ஒவ்வோர் ஊரிலும் இருந்திருக்கிறார்கள். கலியாண ஊர்வலத்தில் கம்பு சுழற்றிய அவர்களுடைய தேகபலத்துக்குப் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் உளுந்தும் போதுமாயிருந்தன என்று எங்கள் மூத்தவர்கள் பெருமையோடு சொல்லக் கேட்டிருக்கிறேன். இன்று கராத்தே, குத்துச்சண்டை, வூஷு என்று பிள்ளைகள் போகிறார்கள். போவது நல்லதே. பின்னேரத்தில் சந்தியில் நின்று கையடக்கத் தொலைபேசியைத் தடவிக்கொண்டிருப்பதை விட நூறு பங்கு நல்லது. கூடவே ஜிம்மும் வந்தது. ஜிம்மோடு அந்தப் பெரிய கறுப்பு டின்களும் வந்தன.

மீன்பிடிக் குடும்பத்து மாணவனொருவன், உயர்தரம் படிப்பவன், ஒருநாள் அப்படியொரு டின்னைப் பையில் வைத்துக்கொண்டு வந்தான். மாகாணப் போட்டிக்குத் தயாராகிக்கொண்டிருந்தான். டின்னை மேசையில் வைத்துவிட்டு, "சேர், இது ஹலாலா?" என்றான். வாங்கித் தந்தது யார் என்றேன். கட்டாரில் இருக்கும் காக்கா அனுப்பிய காசில் வாங்கியதாம். "மௌலவி சேர்ட கேட்டியா மகன்?" என்றேன். "கேட்டன். ஜெலட்டின் இல்லாட்டி குடிக்கலாம் என்று சொன்னார்" என்றான். லேபலை வாசித்தேன். பால் ஊறல் புரதம், இனிப்பூட்டி, சுவையூட்டி. அதற்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு "விசேட கலவை", அதன் மொத்த நிறை மாத்திரம். அக்கலவைக்குள் எது எவ்வளவு என்பதற்கு விளக்கமில்லை.

மௌலவி சொன்னதில் பிழையில்லை. கேட்ட கேள்விக்கு அவர் பதில் சொன்னார். ஆனால் ஹலால் என்ற சொல்லை நாங்கள் எவ்வளவு சிறிதாக்கி வைத்திருக்கிறோம் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றிற்று. கூட்டின் ஜெலட்டின் மாட்டினதா பன்றியினதா, பாலைத் திரைக்கும் நொதியம் எந்த மிருகத்தினது என்பவை கேட்க வேண்டிய கேள்விகளே. 2013இல் அந்த ஹலால் இலச்சினைக்காக இந்நாட்டில் நாம் பட்ட பாட்டையும், ஜம்இய்யத்துல் உலமா அந்தப் பணியைக் கைவிட நேர்ந்ததையும், பின்பு அது வேறொரு சபையிடம் சென்றதையும் மறந்துவிடவில்லை. ஆனால் அவ்விலச்சினை விளையாட்டுத் தடைப் பட்டியலைப் பற்றிப் பேசுவதில்லை. அது அதன் வேலையுமல்ல. ஆகவே ஹலால் இலச்சினையுள்ள டின்னைக் குடித்துவிட்டும் ஒருவன் தடைசெய்யப்படலாம்.

அப்படியும் நடக்குமா என்று கேட்பவர்களுக்காக: ஜேர்மனியின் கொலோன் நகர விளையாட்டுப் பல்கலைக்கழக ஆய்வுகூடம் 2000, 2001ஆம் ஆண்டுகளில் 13 நாடுகளில் 634 ஊட்டப்பொருட்களை வாங்கிச் சோதித்தது. எல்லாமே ஹோர்மோன் எதுவும் இல்லையென்று விற்கப்பட்டவை. அவற்றில் 94இல், அதாவது நூற்றுக்கு 14.8 வீதமானவற்றில், டெஸ்டோஸ்டெரோனாகவோ நன்ட்ரோலோனாகவோ உடலில் மாறக்கூடிய பொருட்கள் இருந்தன. லேபலில் அவை பற்றி ஓர் எழுத்துமில்லை. ஏழு டின் வாங்கினால் ஒன்று அப்படி. எல்லாம் திட்டமிட்ட மோசடியென்று சொல்லவும் முடியாது. ஒரே இயந்திரத்தில் காலையில் ஹோர்மோன் மாத்திரையும் மாலையில் விற்றமினும் அரைத்தால், கழுவாத அம்மியில் மிளகாய்க்குப் பிறகு தேங்காய் அரைத்த கதைதான்.

திட்டமிட்டதும் உண்டு. 2011இல் இலங்கை ரக்பி வீரர்கள் மூவர் மெதில்ஹெக்ஸனமீன் என்ற ஊக்கியின் பொருட்டுத் தடைசெய்யப்பட்டார்கள். உடற்பயிற்சிக்கு முன் குடிக்கும் பொடிகளில் அக்காலத்தில் தாராளமாகக் கலந்திருந்த பொருள் அது. அதையே சில டின்கள் ஜெரேனியச் செடியின் சாறு என்று பூவின் பேரில் விற்றன. தடைப் பட்டியலில் ஒரு பெயர், லேபலில் இன்னொரு பெயர். எந்தப் பிள்ளை இதைக் கண்டுபிடிக்கும்?

ரஸூலுல்லாஹ் கடைத்தெருவில் தானியக் குவியலொன்றுக்குள் கையை விட்டுப் பார்த்ததையும், மேலே காய்ந்தும் அடியில் ஈரமாயும் இருந்ததைக் கண்டு வியாபாரியைக் கண்டித்ததையும் குத்பாவில் பலதடவை கேட்டிருக்கிறோம். வட்டைக்குள் நெல் விற்று வாங்கும் எம்மவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. மூடைக்குள் கையை விடாமல் எந்த வியாபாரியும் நெல் எடுப்பதில்லை. ஆனால் இந்த டின்னுக்குள் கையை விட்டு என்ன அறிவது? மில்லிகிராமின் ஆயிரத்திலொரு பங்கை விரல் உணராது. பழைய கடைத்தெருவில் வாங்குபவனுக்கு இருந்த அந்தக் கடைசிக் காப்பும் இங்கே இல்லை. முழுவதும் நம்பிக்கையின் மேலேயே நடக்கும் வியாபாரம் இது.

இனி, பொடி குடிப்பதே ஏமாற்று என்று சொல்லும் ஒரு சாரார் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சர்வதேச ஒலிம்பிக் குழு 2018இல் வெளியிட்ட அறிக்கை, ஆற்றலை நேரடியாகக் கூட்டுவதற்கு நல்ல சான்றுள்ளவை என்று மிகச் சிலவற்றையே ஏற்கிறது: கஃபீன், கிறியேட்டின், நைத்திரேற்று, பீற்றா அலனைன், சோடியம் இருகாபனேற்று. இவற்றில் கஃபீன் எங்கள் பிளேன்ரீயில் இருக்கிறது. நைத்திரேற்று பீற்றூட்டில் இருக்கிறது. கடைசியில் உள்ளது அப்பச்சோடா. கிறியேட்டின் மீனிலும் இறைச்சியிலும் இயல்பாகவே உண்டு. இவற்றை எடுப்பவனை ஏமாற்றுக்காரன் என்றால் கோப்பிக் கடை முழுவதும் ஏமாற்றுக்காரர்கள்தாம். கஃபீனும் ஒரு காலத்தில் குறித்த அளவுக்கு மேல் தடைசெய்யப்பட்டிருந்தது. 2004 தொடக்கத்தில் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். பானம் மாறவில்லை, பட்டியல் மாறியது. எனவே பட்டியல் என்பது பன்றி இறைச்சியைப் போல் தன்னளவில் விலக்கப்பட்ட ஒன்றைக் குறிப்பதில்லை. போட்டியிடுவோர் தமக்குள் செய்துகொண்ட உடன்படிக்கை அது. உடன்படிக்கையை மீறுவது எங்களிடத்தில் சிறிய காரியமல்ல என்பது வேறு விடயம்.

சண்டை விளையாட்டில் அந்த உடன்படிக்கைக்கு இன்னொரு கனம் சேர்கிறது. ஓட்டப் போட்டியில் மருந்தெடுத்தவன் பக்கத்தில் ஓடியவனுடைய பதக்கத்தை எடுக்கிறான். குத்துச்சண்டையில் அந்த மருந்து மற்றவனுடைய தாடையில் போய் விழுகிறது. 56 கிலோகிராம் என்று தராசில் ஏறி நிற்பதன் அர்த்தம், "இவ்வளவு பலமுள்ள அடியை வாங்கச் சம்மதிக்கிறேன், இதற்கு மேல் இல்லை" என்று இரு தரப்பும் ஒப்புக்கொள்வதே. அந்தச் சம்மதத்தினாற்றான் மற்றவர் முகத்தில் குத்துவது குற்றமாகாமல் விளையாட்டாகிறது. சம்மதத்துக்கு வெளியே வந்த பலம் தெரிந்து வந்தாலென்ன, தெரியாமல் வந்தாலென்ன, அடி வாங்கியவனுக்கு ஒரே வலிதான். பதக்கத்தைப் பின்னர் பார்சலில் அனுப்பலாம். மேடையில் வேறொருவரின் தேசிய கீதத்துக்கு நின்ற அந்தச் சில நிமிடங்களை எப்படி அனுப்புவது? வாங்கிய குத்தை யார் திருப்பி எடுப்பது?

தராசைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. பொடிக்குப் பயப்படும் பெற்றோர் பலர் தண்ணீருக்குப் பயப்படுவதில்லை. 1997 நவம்பர், டிசெம்பர் மாதங்களில், ஐந்து கிழமைக்குள், அமெரிக்காவில் கல்லூரி மல்யுத்த மாணவர்கள் மூவர் இறந்தார்கள். கிறியேட்டின் பொடிதான் கொன்றது என்று முதலில் சந்தேகம் எழுந்தது. விசாரித்தபோது தெரியவந்தது, எடைப்பிரிவுக்குள் இறங்குவதற்காக அவர்கள் தண்ணீர் குடிக்காமல், வியர்வை வெளியேற விடாத உடையணிந்து, சூட்டில் கடும் பயிற்சி செய்திருந்தார்கள் என்பது. எங்கள் கடற்கரையிலும் சேர்ட்டுக்குள் பொலித்தீன் உறையைச் சுற்றிக்கொண்டு உச்சி வெயிலில் ஓடும் பொடியன்களைக் கண்டிருக்கிறேன். "நோன்பு பிடிக்கிறதானே சேர், இதென்ன?" என்கிறார்கள். நோயாளிக்கும் பயணிக்கும் நோன்பையே பிற்போடச் சலுகை தந்த மார்க்கத்தின் பேரால் சொல்கிறார்கள்!

நிய்யத்துக்கு வருவோம். எனக்கு இதில் வெளிச்சம் தந்தது தாவூத் நபி, சுலைமான் நபி ஆகியோரின் தீர்ப்புப் பற்றிக் குர்ஆன் சொல்லும் சம்பவம். ஒருவருடைய ஆடுகள் இரவில் இன்னொருவருடைய விளைநிலத்துக்குள் இறங்கி மேய்ந்துவிட்டன. ஆட்டுக்காரர் வேண்டுமென்று விட்டதாக யாரும் சொல்லவில்லை. ஆனாலும் அழிந்தது பயிர். ஆடுகளையே நிலச் சொந்தக்காரருக்குக் கொடுத்துவிடும்படி தாவூத் நபி தீர்ப்பளித்ததாகவும், நிலம் பழைய நிலைக்கு வரும்வரை ஆடுகளின் பயனை மாத்திரம் அவர் அனுபவிக்கட்டும், ஆட்டுக்காரர் நிலத்தைத் திருத்திக் கொடுக்கட்டும், பிறகு அவரவர் பொருள் அவரவருக்கு என்று சுலைமான் நபி சொன்னதாகவும் விரிவுரையாளர்கள் விளக்குகிறார்கள். பட்டி மாடு வேளாண்மைக்குள் இறங்கிய வழக்குகளைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இது தூரத்துக் கதையல்ல. மாட்டுக்காரரின் நிய்யத் என்னவென்று எந்தப் போடியாரும் கேட்பதில்லை. அழிவுக்கு ஈடு கேட்பார். அதற்காக மாட்டுக்காரரைப் பாவியென்று ஊர் ஒதுக்குவதுமில்லை.

பாவம் ஒன்று. அடுத்தவனுடைய உரிமை இன்னொன்று. தண்டனை மூன்றாவது. தவறுதலாகச் செய்தவருக்குப் பாவமில்லை. ஆனால் தவறுதலாக உடைத்த பானைக்கு ஈடு உண்டு. தூக்கத்தில் புரண்டு உடைத்தாலும் ஈடு உண்டு என்பதே எங்கள் சட்ட அறிஞர்களின் நிலைப்பாடு. ஆகவே பதக்கத்தைத் திருப்பிக் கொடுப்பதற்கு நிய்யத் பார்க்கத் தேவையில்லை. அது மெக்கோல்ட்ரிக்கின் பயிர். இவ்வளவில் அந்த விதியோடு எனக்குச் சண்டையில்லை. தண்டனைதான் நிய்யத்தைக் கேட்டாக வேண்டிய இடம். உலக ஊக்கமருந்துத் தடுப்பு விதிக்கோவையும் உண்மையில் ஓரளவுக்கு இப்படியே பிரிக்கிறது. போட்டி முடிவு தானாகவே இரத்தாகும். தடைக்காலம் மட்டும் குற்றத்தின் அளவைப் பொறுத்தது. வேண்டுமென்று எடுத்தால் நான்கு வருடம். கலப்படமான பொருளால் வந்ததென்று நிரூபித்தால், வெறும் கண்டிப்பு வரைக்கும் குறையலாம் என 2015 முதல் சேர்த்திருக்கிறார்கள்.

"நிரூபித்தால்." கோளாறு முழுவதும் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

யோயெல் ரொமேரோ கியூபாவில் பிறந்தவர். 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் மல்யுத்த வெள்ளிப் பதக்கம் பெற்று, பின்னர் அமெரிக்காவில் தொழில்முறைக் கலப்புச் சண்டைக்குப் போனவர். 2016இல் அவருடைய மாதிரியில் இபுடமொரென் என்ற தடைப்பொருள் அகப்பட்டது. அவர் உட்கொண்ட ஊட்டப்பொருளில், லேபலில் சொல்லப்படாமலே அது கலந்திருந்தமை ஆய்வுகூடத்தில் உறுதியானது. ஆறு மாதத் தடையோடு விடயம் முடிந்தது.

அதே வருடம் இந்தியாவில் நர்சிங் யாதவ். 74 கிலோகிராம் பிரிவில் ரியோ ஒலிம்பிக்குக்குத் தெரிவாகியிருந்த மல்லர். அந்த இடத்துக்காக இருமுறை ஒலிம்பிக் பதக்கம் வென்ற சுஷீல் குமார் டில்லி உயர் நீதிமன்றம் வரை சென்று தோற்றிருந்தார். சில வாரங்களில் நர்சிங்கின் மாதிரியில் மெதன்டியனோன் என்னும் ஸ்டீரொயிட் கண்டறியப்பட்டது. பயிற்சி நிலையத்தில் அவருடைய அறையில் தங்கியிருந்தவரின் மாதிரியிலும் அதுவே. எனக்கு யாரோ கலந்து கொடுத்துவிட்டார்கள் என்றார் நர்சிங். இந்திய ஊக்கமருந்துத் தடுப்பு முகவரகம் அதை ஏற்று ஓகஸ்ட் 1ஆம் திகதி அவரை விடுவித்தது. ரியோவுக்கும் போய்விட்டார். உலக அமைப்பு மேன்முறையீடு செய்தது. விளையாட்டுக்கான நடுவர் மன்றம் ஓகஸ்ட் 18இல், அவர் களமிறங்க ஒருநாள் இருக்கையில், சதிக்கு உண்மையான ஆதாரம் எதுவும் காட்டப்படவில்லை, மாத்திரையாக ஒரு தடவைக்கு மேல் வேண்டுமென்றே எடுத்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று கூறி நான்கு வருடத் தடை விதித்தது.

நடுவர் மன்றம் பிழையாகத் தீர்ப்பளித்தது என்று நான் வாதிட வரவில்லை. விஞ்ஞானிகளின் சாட்சியத்தைக் கேட்டே அது முடிவெடுத்தது. நான் சொல்வது வேறு. நிய்யத்தை நிரூபிக்கும் பொறுப்பு வீரர் மேல் இருக்கும்போது, நிய்யத்துக்கும் விலை வந்துவிடுகிறது. ஆய்வுகூடம், சட்டத்தரணி, விஞ்ஞானி என்று வைத்துக்கொள்ள வசதியுள்ளவரின் தூய எண்ணம் செவிமடுக்கப்படும். கட்டார்க் காசில் டின் வாங்கிய மீனவர் மகனின் தூய எண்ணம் அவனுக்கும் அல்லாஹ்வுக்கும் மாத்திரமே தெரிந்திருக்கும். மறுமைக்கு அது போதும். இங்கே 19 வயதில் நான்கு வருடம் போனால் ஒரு சண்டை வீரனின் வாழ்வில் என்ன மிஞ்சும்? சுலைமான் நபி ஆட்டுக்காரரின் ஆடுகளை அவருக்கே திரும்பக் கிடைக்கச் செய்ததை இங்கு மீண்டும் நினைக்கிறேன்.

இதை ஓர் ஆசிரிய நண்பரிடம் சொன்னபோது, "அவன்தானே கையெழுத்து வச்சிக் களத்துக்கு வாறான், பிறகென்ன?" என்றார். நியாயமான கேள்விதான். கையெழுத்து வைத்தவன் கட்டுப்பட்டவன். ஆனால் வேறு வாசலே இல்லாத வீட்டுக்குள் நுழைய வைத்த கையெழுத்துக்கு எவ்வளவு பெறுமதி என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அறிய வழியிருந்தும் அறியாமல் விட்டவனைக் கண்டிக்கலாம். அறிவதற்கு ஆய்வுகூடம் தேவைப்படும் ஒன்றை அறியவில்லையென்று கண்டிப்பது எவ்வகையில் சேரும்?

அந்த மாணவனுக்கு நான் சொன்னது சிறிய கணக்கொன்று. கடும் பயிற்சி செய்பவனுக்கு உடல்நிறையில் கிலோவுக்கு 1.2 முதல் 2 கிராம் வரை புரதம் நாளொன்றுக்குப் போதும். அவன் 60 கிலோ. ஆகக்கூடியது 120 கிராம். 100 கிராம் மீனில் ஏறக்குறைய 20 கிராம், முட்டையொன்றில் 6 கிராம், 100 கிராம் பருப்பில் 24 கிராம். அவனுடைய வாப்பா தோணியில் கொண்டுவரும் சூடையும் கீரியும் அந்த டின்னுக்குள் இருப்பதையே, லேபலில்லாமல், தருகின்றன. "மீன் விலைக்கு விக்கத்தானே சேர்" என்றான். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. கரைவலையில் பட்டதில் நல்லதெல்லாம் கொழும்பு லொறியில் ஏறிய பிறகு வீட்டுக்கு வருவது என்னவென்று எனக்குத் தெரியும். எனினும் பொடிதான் வேண்டுமென்றால் தொகுதி இலக்கத்தோடு தனித்தனியே சோதிக்கப்பட்டு விற்கப்படுபவை உலகில் உண்டு, விலை கூட, அவற்றை மட்டும் வாங்கு, டின் முடிந்தாலும் வீசாதே, பற்றுச்சீட்டை வைத்துக்கொள் என்றேன்.

2013ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் எமது நாட்டிலும் விளையாட்டில் ஊக்கமருந்துக்கு எதிரான ஏற்பாடுகள் சட்டமாகிவிட்டன. வீரர்களின் சிறுநீரைச் சோதிக்க ஒரு முகவரகம் இருக்கிறது. இருக்க வேண்டியதுதான். அதே அக்கறையோடு, நாட்டில் அதிகம் விற்பனையாகும் பத்துப் பன்னிரண்டு பொடிகளை வருடத்துக்கொருமுறை கடையில் வாங்கிச் சோதித்து, முடிவைத் தமிழிலும் சிங்களத்திலும் பாடசாலைகளுக்கு அனுப்பினால் என்ன? அதற்குரிய செலவை இறக்குமதி செய்பவர்களிடமிருந்தே அறவிடலாம். மூடையின் அடியில் ஈர நெல் கிடந்தால் ரஸூலுல்லாஹ் விளக்கம் கேட்டது விற்றவரிடம்; வாங்க வந்தவரிடம் அல்ல. கல்முனைக் கடைத்தெருவில் நிறுவைத் தராசைப் பரிசோதித்து முத்திரை குத்த அதிகாரிகள் வருகிறார்கள். அவர்கள் போகும் அதே வீதியில் இந்த டின்களும் கண்ணாடி அலுமாரிகளில் அடுக்கப்பட்டிருக்கின்றன.